பன்னிரண்டு கோபுரக் கடதாசியும் ஒரு மணிநேரப் புகையும்

கடதாசியற்ற அரசு சூழலைக் காக்கின்றதா? எஸ்தோனியா சொல்லும் கதை

எம்மவர் வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பை இருக்கும். அகதி விண்ணப்பத்தின் பிரதி, குடிவரவு அலுவலகக் கடிதங்கள், சட்டத்தரணி கொடுத்த பற்றுச்சீட்டு, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை பதித்த பிறப்புச் சான்றிதழ், நிராகரிப்புக் கடிதம், மேன்முறையீட்டின் பிரதி என அதற்குள் அடங்கியிருப்பது ஒரு குடும்பத்தின் பத்துப் பதினைந்து ஆண்டுகால வரலாறு. வீடு மாறும்போது முதலில் கையில் எடுக்கப்படுவது அந்தப் பைதான்.

அந்தப் பைக்குள் புதிதாகச் சேரும் கடதாசிகள் அண்மைக் காலமாகக் குறைந்து வருகின்றன. அரசாங்கக் கடிதம் கைத்தொலைபேசிக்கு வருகின்றது. விண்ணப்பப் படிவத்தைக் கணனியில் நிரப்பச் சொல்கின்றார்கள். முன்பு வரிசையில் நின்ற கருமபீடங்கள் பல மூடப்பட்டுவிட்டன. காரணம் கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. செலவு குறைகின்றது என்பது முதலாவது. மரங்கள் காக்கப்படுகின்றன, வளிமண்டலம் காக்கப்படுகின்றது என்பது இரண்டாவது.

முதலாவது பதிலை வரவு செலவுத் திட்டத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பதிலைச் சரிபார்ப்பவர் மிகச் சிலரே. கணனி வழி அரசாங்கம் உண்மையிலேயே சூழலுக்கு நன்மை செய்கின்றதா? செய்கின்றதெனின் எந்த வழியால், எவ்வளவு? இக்கேள்விகளை உலகிலேயே இத்துறையில் முன்னோடி எனப் போற்றப்படும் ஒரு சிறு நாட்டைக் கொண்டு ஆராய்வதே எமது நோக்கம்.

சின்னஞ்சிறு நாட்டின் பெரும் பாய்ச்சல்

பால்டிக் கடலோரத்தில் அமைந்த எஸ்தோனியாவின் மக்கள்தொகை 14 இலட்சத்துக்கும் குறைவு. 1940இல் சோவியத் ஒன்றியத்தால் விழுங்கப்பட்ட இந்நாடு 1991 ஓகஸ்ட்டில் சுதந்திரத்தை மீட்டெடுத்தது. கையில் பணமில்லை, அனுபவமுள்ள அதிகாரிகள் போதாது. பழைய முறையில் ஒரு பெரிய அரசாங்க இயந்திரத்தைக் கட்டியெழுப்ப வசதியற்ற நிலையில், அந்நாடு கணனியின் பக்கம் திரும்பியது. பாடசாலைகள் அனைத்துக்கும் கணனியும் இணையமும் வழங்கும் 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டம் 1996இல் அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவையே கடதாசியின்றிக் கூடத் தொடங்கியது. அதே ஆண்டில் வருமான வரிப் படிவம் கணனிக்கு மாறியது. 2001இல் அரசாங்கத்தின் தரவுக் களஞ்சியங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் 'எக்ஸ்-ரோட்' என்ற இணைப்பு முறை வந்தது. 2002இல் மின்னியல் அடையாள அட்டையும், கையெழுத்துக்குச் சமமான சட்டவலு உடைய மின் ஒப்பமும் வந்தன. 2005இல், நாடு தழுவிய உள்ளூராட்சித் தேர்தலில் இணையம் வழியாக வாக்களிக்க வாய்ப்பளித்த முதல் நாடாக எஸ்தோனியா ஆனது.

இம்முறையின் உயிர்நாடியாக ஒரு கொள்கை உண்டு. ஒருவர் தம்மைப் பற்றிய ஒரு தகவலை அரசாங்கத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால், வேறெந்தத் திணைக்களமும் அதனை மீண்டும் கேட்கக்கூடாது. பிறந்த திகதியையும் தகப்பனார் பெயரையும் ஐம்பது படிவங்களில் எழுதிக் கை சலித்த எமக்கு இதன் அருமை புரியும்.

இவற்றில் எதுவும் சூழலை மனத்திற்கொண்டு தொடங்கப்பட்டதன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சிக்கனமும், மீண்டும் ஒருமுறை அழிந்துவிடக்கூடாதே என்ற அச்சமுமே அந்நாட்டைச் செலுத்தின. 2017இல் எஸ்தோனியா லக்சம்பேர்க் நாட்டுடன் ஓர் உடன்படிக்கை செய்து, தன் முக்கிய அரச பதிவேடுகளின் பிரதியை அங்குள்ள தரவு மையமொன்றில் வைப்பதற்கு ஏற்பாடு செய்தது. நிலம் பறிபோனாலும் நிலத்தின் உறுதி பறிபோகாதிருக்க வேண்டும் என்பதே எண்ணம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட எமது தலைமுறைக்கு அதனை விளக்க வேண்டியதில்லை.

சூழல் என்ற வாதம் பின்னர்தான் வந்து சேர்ந்தது. வந்த பிறகு அதுவே விளம்பரத்தின் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

ஈபிள் கோபுரக் கணக்கு

எஸ்தோனியா தன் மின் ஒப்ப முறையைப் பற்றி உலகுக்குச் சொல்லும் ஒரு கதை உண்டு. அதனால் மாதந்தோறும் மிச்சமாகும் கடதாசிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்தின் உயரம், அதாவது ஏறத்தாழ 300 மீற்றர் வரும் என்பதே அது. கேட்பவர் வியக்கின்றனர். பாரிஸ் வாழ் வாசகர்களுக்கு அந்த உயரம் கண்முன்னே நிற்கும். நாமும் வியப்போம். ஆனால் வியந்துவிட்டுக் கணக்கும் பார்ப்போம்.

500 தாள்கள் கொண்ட ஒரு சாதாரணக் கட்டின் தடிப்பு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். எடை இரண்டரைக் கிலோ. 300 மீற்றர் உயரத்துக்கு 6,000 கட்டுகள் வேண்டும். அவை 30 இலட்சம் தாள்கள். எடை 15 தொன். ஆண்டுக்குப் பன்னிரண்டு கோபுரம் எனக் கொண்டால் 180 தொன் கடதாசி. ஒரு தொன் கடதாசியைச் செய்ய ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு வெளியாகின்றது என வைத்துக்கொள்வோம். ஆலைக்கு ஆலை இது கூடும், குறையும். ஆயினும் எமது கணக்குக்கு இது போதும். ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ 180 தொன் காபனீரொட்சைட்டு தவிர்க்கப்படுகின்றது.

2018ஆம் ஆண்டில் எஸ்தோனியா வெளிவிட்ட பசுமைஇல்ல வாயுக்களின் மொத்த அளவு ஏறத்தாழ 2 கோடி தொன். பன்னிரண்டு கோபுரக் கடதாசியின் பங்கு அதில் ஓர் இலட்சத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை. கடதாசிக்கு இருமடங்கு காபன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இலட்சத்தில் இரண்டு. மரம் காக்கப்பட்டது உண்மை. வளிமண்டலம் அதனை உணர்ந்திருக்குமா என்பதே கேள்வி.

எரியும் கல்

அந்த 2 கோடி தொன் எங்கிருந்து வந்தது? விடையைத் தேடி நாட்டின் வடகிழக்கு மூலைக்குச் செல்ல வேண்டும். ரஷ்ய எல்லையில், ஆற்றின் கரையில், நார்வா என்ற நகரம் இருக்கின்றது. அதனைச் சூழ்ந்த இடா-விரு மாவட்டத்தின் நிலத்தடியில் எண்ணெய் ஊறிய ஒருவகைப் படிவுப் பாறை பரந்து கிடக்கின்றது. எஸ்தோனிய மொழியில் அதன் பெயருக்கு 'எரியும் கல்' என்பதே நேர்ப்பொருள். முதலாம் உலகப்போர்க் காலத்திலிருந்து அது வெட்டியெடுக்கப்பட்டு வருகின்றது. சோவியத் ஆட்சி 1960களிலும் 1970களிலும் நார்வாவுக்கு அருகே இரண்டு மாபெரும் மின்நிலையங்களைக் கட்டி, அந்தக் கல்லை எரித்து, அண்டையிலிருந்த லெனின்கிராட் பகுதிக்கும் மின்சாரம் அனுப்பியது.

நிலக்கரியைவிடவும் தரங்குறைந்த எரிபொருள் இது. எரித்த கல்லில் ஏறத்தாழ அரைவாசி சாம்பலாக மிஞ்சும். அச்சாம்பலும் கழிவும் குவிந்து அம்மாவட்டத்தில் மலைகளாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று இப்போது பனிச்சறுக்கு விளையாட்டுத் திடலாகியுள்ளது. இக்கல்லை எரித்து ஒரு கிலோவாற்று மணி மின்சாரம் பெற ஏறத்தாழ ஒரு கிலோ, சில வேளைகளில் அதற்கும் மேலான, காபனீரொட்சைட்டு வெளியாகின்றது.

இப்போது கோபுரக் கணக்கை மீண்டும் எடுப்போம். நார்வாவின் பெரிய மின்நிலையத்தில் ஏறத்தாழ 200 மெகாவாற்று வலுவுடைய அலகுகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றே ஒன்று முழு வலுவுடன் ஒரு மணிநேரம் ஓடினால் 200 தொன் காபனீரொட்சைட்டு வெளியாகும். நாடு முழுவதும் ஓராண்டு முழுவதும் கடதாசியைத் தவிர்த்துச் சேமித்ததை, ஒரு புகைபோக்கி ஒரு மணிநேரத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது!

இன்னொரு சிறு கணக்கு. 50 வாற்று வலுவுடைய ஒரு கணனியில் அரை மணிநேரம் அமர்ந்து ஒரு படிவத்தை நிரப்புகின்றோம். செலவாகும் மின்சாரம் கிலோவாற்று மணியில் நாற்பதில் ஒரு பங்கு. எரியும் கல்லின் மின்சாரமாயின் 25 கிராம் காபனீரொட்சைட்டு. அது ஐந்து தாள் கடதாசிக்குச் சமம். நிரப்பிய படிவம் ஐந்து தாள் என்றால் சேமித்தது எதுவுமில்லை. அதே வேலையை நோர்வேயில் செய்தால் கதை வேறு. அங்கு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவில் நீர்வீழ்ச்சியிலிருந்து வருவதால் காபன் மிகச் சொற்பம். பெரும்பகுதி மின்சாரத்தை அணுவிலிருந்து பெறும் பிரான்சிலும் காபன் குறைவே; அணுக்கழிவு என்ற வேறு சுமை அங்குண்டு. ஆகவே கணனி தன்னளவில் தூய்மையானதுமன்று, அழுக்கானதுமன்று. அதன் பின்னால் இருக்கும் மின்நிலையமே அதன் குணத்தைத் தீர்மானிக்கின்றது.

புகைக்குக் கீழே வாழ்பவர்கள்

நார்வாவின் மக்கள் யார்? 1944இல் போரில் அந்நகரம் தரைமட்டமானது. பழைய குடிகள் திரும்பிவர அனுமதிக்கப்படவில்லை. சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்குமென சோவியத் ஒன்றியத்தின் ஏனைய பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவந்து குடியேற்றப்பட்டனர். இன்று அந்நகரில் பத்தில் ஒன்பது பங்கினருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுபவர்கள்.

சுதந்திரம் மீண்டபோது, 1940க்கு முன்னர் குடியுரிமை பெற்றிருந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே குடியுரிமை தானாகக் கிடைத்தது. 1992இல் நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எந்நாட்டுக் குடியுரிமையும் உறுதிப்படாதவர்களாக இருந்தனர். சாம்பல் நிறக் கடவுச்சீட்டுடன் வாழ்ந்த அவர்களுட் பலர் பின்னர் எஸ்தோனியக் குடியுரிமையையோ ரஷ்யக் குடியுரிமையையோ பெற்றுக்கொண்டனர். எஞ்சியோர் இன்னமும் உளர். நாடற்றவன் என்ற சொல்லின் கனத்தை அறிந்த எமது வாசகர்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. ஆக்கிரமித்த அரசு குடியேற்றியவர்கள் என்ற எஸ்தோனியரின் மனக்காயத்தையும் நாம் அறிவோம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் நிலையையும் அறிவோம். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பதே நியாயம்.

இங்கு கவனிக்க வேண்டியது இதுவே. குடியுரிமை இல்லாதவரும் மின்னியல் அடையாள அட்டை பெறலாம். வரிப் படிவத்தைக் கணனியில் நிரப்பலாம். வைத்தியரின் மருந்துச் சீட்டைக் கடதாசியின்றிப் பெறலாம். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில், இணையத்திலோ நேரிலோ, அவர் வாக்களிக்க முடியாது. உள்ளூராட்சித் தேர்தலில் நீண்டகாலமாக இருந்துவந்த வாக்குரிமையையும் 2025 மார்ச்சில் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தம் சுருக்கியது. ரஷ்ய, பெலருஸ் குடிமக்கள் அதனை உடனே இழந்தனர். நாடற்றோருக்கு அவ்வாண்டு ஒக்டோபர்த் தேர்தலே கடைசியாக அமைந்தது.

தார்த்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சுகாதார ஆய்வொன்று, ஏனைய பகுதிகளில் வாழ்பவர்களைவிட இடா-விரு மாவட்டத்து மக்களிடையே நெஞ்சு இறுக்கம், நீடித்த இருமல் போன்ற முறைப்பாடுகள் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தலைநகர் தாலினில் கடதாசியின்றிக் கூடும் அமைச்சரவையின் கணனிகளுக்கு மின்சாரம் இந்தத் திசையிலிருந்தே சென்றது. கடதாசியற்ற அரசின் புகழ் தாலினுக்கு, புகை நார்வாவுக்கு. அந்தப் புகையைப் பற்றி முடிவெடுக்கும் நாடாளுமன்றத்தைத் தெரிவு செய்வதில், புகைக்குக் கீழே வாழ்பவர்களில் ஒரு பகுதியினருக்குப் பங்கில்லை.

புகையைக் குறைத்தது எது?

எஸ்தோனியாவின் வெளியேற்றம் குறையவில்லை என்று நாம் சொல்லவில்லை. நன்றாகவே குறைந்தது. 2018க்கும் 2019க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ காற்பங்கு வீழ்ச்சி. ஆனால் அதற்குக் காரணம் கணனியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்நிலையங்கள் தாம் வெளிவிடும் ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும். அச்சீட்டின் விலை 2018இன் தொடக்கத்தில் 10 யூரோவுக்கும் கீழே இருந்தது. 2019இன் நடுப்பகுதியில் 25 யூரோவைத் தாண்டியது. எரியும் கல்லின் மின்சாரம் சந்தையில் விலைபோகவில்லை. பழைய அலகுகள் நிறுத்தப்பட்டன. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்து எரிபொருள் விலை ஏறியபோது, அதே புகைபோக்கிகள் மீண்டும் சுறுசுறுப்படைந்தன. இவ்விரு ஆண்டுகளிலும் அரசாங்கத்தின் கணனிச் சேவைகள் மாறாமலேயே இருந்தன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எரியும் கல்லிலிருந்து மின்சாரம் எடுப்பதை 2035ஆம் ஆண்டுடன் நிறுத்துவதென அரசாங்கம் 2021இல் இலக்கு வகுத்தது. சுரங்கமும் மின்நிலையமுமே வாழ்வான ஒரு மாவட்டத்தில் அவை மூடப்பட்டால் அத்தொழிலாளர்கள் எங்கே போவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதியான நிலைமாற்ற நிதியிலிருந்து ஏறத்தாழ 35 கோடி யூரோ இதற்கென ஒதுக்கப்பட்டது. அந்நிதியின் உதவியுடன் நார்வாவில் கட்டப்பட்ட காந்தத் தொழிற்சாலை ஒன்று 2025இல் திறக்கப்பட்டது. மின் வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய காந்தங்கள் அங்கு செய்யப்படுகின்றன. சூழலைக் காத்தல் என்பது ஈற்றில் இத்தகைய வேலைதான். ஒரு புகைபோக்கியை அணைப்பது. அதன் கீழ் வேலை செய்தவருக்கு வேறு வேலை கொடுப்பது. ஒரு படிவத்தைக் கணனிக்கு மாற்றுவதைவிட இது கடினம், பலன் பன்மடங்கு.

அப்படியாயின் கணனியால் பயனில்லையா?

பயனுண்டு. ஆனால் அது கடதாசியில் இல்லை, பயணத்தில் இருக்கின்றது. கிராமத்திலிருந்து நகர அலுவலகத்துக்குப் போய்வர 40 கிலோமீற்றர் காரோட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோமீற்றருக்கு 150 கிராம் எனக் கொண்டால் 6 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். அது 1,200 தாள்களுக்குச் சமம். தவிர்க்கப்படும் ஒரு காரோட்டம் ஒரு பை நிறைந்த கடதாசியை விடப் பெரிது. 2023 மார்ச்சில் நடந்த எஸ்தோனிய நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் இணையத்தில் அளிக்கப்பட்டன. அத்தேர்தலின் காபன் கணக்கை ஆராய்ந்த அந்நாட்டு அறிஞர்கள், வாக்குச்சாவடி முறையில் கூடிய காபன் வருவது வாக்குச்சீட்டுக் கடதாசியால் அல்ல, வாக்காளர் சாவடிக்குப் போய்வரும் பயணத்தாலேயே என்று கண்டனர். இணைய வாக்கின் காபன் அதனிலும் பல மடங்கு குறைவு.

இங்கும் ஒரு நிபந்தனை உண்டு. சாவடிக்கு நடந்தோ பேருந்திலோ போகின்றவருக்கு இந்தச் சேமிப்பு அநேகமாக இல்லை. அலுவலகங்கள் மூடப்பட்டு, முன்பு பத்து நிமிட நடையில் இருந்த கருமபீடம் மூன்று நகரங்களுக்கு அப்பால் போய்விட்டால், நேரில் போயே ஆகவேண்டியவரின் பயணம் கூடும். சேமிப்பு ஒரு பக்கம், செலவு மறுபக்கம். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபின்னரே இலாபம் சொல்ல முடியும்.

இரண்டாவது பயன் கண்காணிப்பில் உள்ளது. எஸ்தோனியாவின் வனப் பதிவேடு இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றது. எந்தக் காட்டுத் துண்டில் மரம் வெட்ட அறிவித்தல் கொடுக்கப்பட்டுள்ளது என்பதை யாரும் பார்க்கலாம். கடதாசிக் கோப்பாக ஓர் அலுவலக அறைக்குள் இருந்திருந்தால் மரம் விழுந்த பின்னரே ஊருக்குத் தெரியவந்திருக்கும். 2008 மே 3ஆம் திகதி அந்நாட்டில் நடந்த ஒரு சிரமதானமும் நினைவுகூரத்தக்கது. காடுகளில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டுக் கிடந்த குப்பை மேடுகளைத் தொண்டர்கள் முன்கூட்டியே தேடி, ஆயிரக்கணக்கில் கணனி வரைபடத்தில் குறித்தனர். பின்னர் ஏறத்தாழ 50,000 பேர் ஒரே நாளில் திரண்டு, ஏறத்தாழ 10,000 தொன் குப்பையை அகற்றினர். குப்பையை அள்ளியது மனிதக் கைகளே. எங்கே அள்ளுவது என்று சொன்னது கணனி.

சுருங்கச் சொன்னால், கடதாசிக்குப் பதிலாக நிற்கும் கணனி சூழலுக்குச் செய்வது சொற்பம். காரோட்டத்தைத் தவிர்க்கும் கணனி ஓரளவு செய்யும். மறைந்திருப்பதை ஊரறியக் காட்டும் கணனி இன்னும் கூடச் செய்யும். இவற்றுள் எதுவும் புகைபோக்கிக்கு ஈடாகாது.

நாம் வாழும் நாடுகளில்

எஸ்தோனியாவில் வாழும் எம்மவர் மிகக் குறைவு. ஆனால் அந்நாடு நடந்த பாதையில்தான் நாம் தஞ்சமடைந்த நாடுகளும் நடக்கின்றன. டென்மார்க்கில் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் அரசாங்கக் கடிதங்கள் மின்வழியே வருவது 2014 நவம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. இயலாதவர் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். கடிதங்கள் குறைந்துகொண்டே போய், ஈற்றில் 2025 டிசம்பர் 30ஆம் திகதி அந்நாட்டின் தபால் நிறுவனம் தன் கடைசிக் கடிதத்தை விநியோகித்துவிட்டுக் கடித சேவையையே நிறுத்திக்கொண்டது. சிவப்புத் தபாற்பெட்டிகள் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. எஞ்சிய கடிதங்களை இப்போது தனியார் நிறுவனமொன்று கொண்டு செல்கின்றது. தபால் வண்டிகளின் ஓட்டம் குறைந்தது சூழலுக்கு நன்மைதான். அக்கடிதங்களுக்குப் பதிலாகப் பொதிகளைச் சுமந்துகொண்டு எத்தனை வண்டிகள் அதே தெருவில் ஓடுகின்றன என்பதையும் வாசலில் நின்று பார்த்தால் கணக்கு முழுமையடையும்.

அயர்லாந்தின் நிலை இன்னொரு எச்சரிக்கை. 2015இல் அந்நாட்டு மின்சாரத்தில் தரவு மையங்கள் உண்டது 5 வீதம். 2023இல் அது 21 வீதமாகவும் 2024இல் 22 வீதமாகவும் உயர்ந்தது. நகரங்களின் வீடுகள் எல்லாம் சேர்ந்து செலவிடுவதைவிட இது அதிகம். இவற்றுட் பெரும்பாலானவை அரசாங்கப் படிவங்களுக்காக ஓடுபவையல்ல. உலகப் பெரும் நிறுவனங்களுக்காக ஓடுபவை. அரசாங்கத்தின் பங்கு சிறிதே. ஆயினும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அது பாரமற்றது என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இது சான்று.

மூன்றாவது செலவு எமது கைகளிலேயே இருக்கின்றது. ஒரு கைத்தொலைபேசி தன் வாழ்நாளில் உண்டாக்கும் காபனில் பெரும்பங்கு அது தொழிற்சாலையை விட்டு வெளிவருமுன்னரே உண்டாகிவிடுகின்றது. அரசாங்கத்தின் புதிய செயலி பழைய தொலைபேசியில் இயங்காது என்று சொல்லப்பட்டு, நல்ல நிலையில் உள்ள ஒன்றை எறிந்துவிட்டுப் புதியதை வாங்கினால், பல ஆண்டு கடதாசிச் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும். 2022இல் உலகில் எறியப்பட்ட மின்னியல் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கு கூறுகின்றது. அதில் முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டது காற்பங்குக்கும் குறைவு.

கேட்க வேண்டிய கேள்விகள்

மொழி தெரியாத எமது தாய் தந்தையர் கருமபீடத்தில் ஒரு மனித முகத்தைக் கண்டால் சைகையாலாவது பேசி அலுவல் முடித்துக்கொண்டார்கள். இன்று கடவுச்சொல்லும் குறியீட்டு இலக்கமும் கேட்கும் திரைக்கு முன்னால், பாடசாலை விட்டு வந்த பேரப்பிள்ளைக்காகக் காத்திருக்கின்றார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை பாட்டியின் ஓய்வூதியக் கடிதத்தை மொழிபெயர்க்கின்றது. சில வேளைகளில் வைத்திய அறிக்கையையும் மொழிபெயர்க்கின்றது. இந்தச் சிரமத்துக்கெல்லாம் பதிலாகச் சூழல் காக்கப்படுகின்றது என்று சொல்லப்படுமாயின், அது உண்மைதானா எனக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

ஆகவே நகரசபைக் கூட்டத்திலோ, சங்கத்தின் சார்பில் எழுதும் கடிதத்திலோ மூன்று கேள்விகளைக் கேட்போம். முதலாவது, இந்தச் சேவையை ஓட்டும் மின்சாரம் எதிலிருந்து வருகின்றது? இரண்டாவது, இதனால் எத்தனை பயணங்கள் தவிர்ந்தன, கருமபீடம் மூடப்பட்டதால் எத்தனை பயணங்கள் நீண்டன? மூன்றாவது, பழைய தொலைபேசி வைத்திருப்பவருக்கும், தொலைபேசியே இல்லாத முதியவருக்கும் என்ன வழி? டென்மார்க்கில் செயலி இல்லாதவருக்கென இலக்கம் காட்டும் சிறு கருவியொன்று வழங்கப்படுகின்றது. வழி உண்டு என்பதற்கு இது சாட்சி.

கணனி வழி அரசாங்கத்தை நாம் எதிர்க்கவில்லை. ஒரே தகவலை ஐம்பது தடவை கேட்காத அரசாங்கம் எமக்கும் வேண்டும். கோப்பைத் தொலைத்துவிட்டோம் என்று சொல்லி ஓர் அகதியின் வாழ்வில் இரண்டு ஆண்டுகளை விழுங்காத அரசாங்கம் வேண்டும். அதற்கான நியாயங்கள் நேரானவை. அவற்றை நேராகவே சொல்லட்டும். சூழலுக்காக என்று சொல்வதானால், கோபுர உயரத்தைக் காட்டும் அதே மேடையில் புகைபோக்கியின் கணக்கையும் காட்டட்டும்.

அலுமாரியின் மேல்தட்டில் உள்ள அந்தப் பை அங்கேயே இருக்கட்டும். அதனைக் காத்துவைத்ததற்காக எவரும் சூழலுக்குக் கேடு செய்தவராகமாட்டார்.